பெரிய டயர் போட்டாச்சு, ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் பெரிய டயர் போட நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது உரசுமா, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் வேண்டுமா, மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதுதான். ஐந்தாவது டயரின் நினைப்பு பெரும்பாலும் பட்டறையில் நாலையும் மாட்டி முடித்த பிறகே வருகிறது. அப்போது இருக்கிற அவசரத்தில் அதையும் பின்கதவில் பழைய இடத்திலேயே அமுக்கி மாட்டி, நட்டை முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். சில மாதம் கழித்துப் பின்கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டுகிறது, கல் ரோட்டில் பின்னாலிருந்து கடகடவென்று சத்தம் வருகிறது, கீல் பக்கத்தில் பெயின்ட் முடியிழை போல வெடித்திருக்கிறது. காரணம் ஒன்றுதான். கம்பெனி கொடுத்த டயரின் எடைக்குக் கணக்குப் பார்த்துச் செய்த கதவில் அதைவிடக் கனமான ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். கொஞ்சம் கூடுதல் என்றால் கதவு தாங்கும், அதற்கு மேல் போனால் பாரம் சேஸிஸுக்குத்தான் போக வேண்டும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அதற்கேற்ப மாட்டுவதும்தான் இந்தக் கட்டுரை முழுக்க.

பழைய சின்ன ஸ்டெப்னியே இருக்கட்டுமே?

இந்த யோசனை எல்லோருக்கும் வரும், நியாயமான கேள்விதான். சுஸுகி ஜிம்னியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் (195 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 15 என்பது இஞ்ச் கணக்கில் ரிம்) விட்டம் சுமார் 693 மி.மீ. பலரும் மாற்றிப் போடும் 235/75 ஆர்15 சுமார் 733 மி.மீ. வித்தியாசம் கிட்டத்தட்ட 6 சதவீதம். டூ வீல் டிரைவில், நல்ல ரோட்டில், பக்கத்து பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக இது போதும், ஆனால் சின்ன டயர் முன்னால் இருக்க வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமாகப் பின்சக்கரத்தில் ஓடுபவை. பின்னால் ஒரு பக்கம் சின்னது, ஒரு பக்கம் பெரியது என்று இருந்தால், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டில்கூட ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் பின்சக்கரம் பஞ்சர் ஆனால் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, சின்னதை முன்னால் போட வேண்டும். அதாவது சேற்றில் உட்கார்ந்து இரண்டு முறை ஜாக்கி வைக்க வேண்டும். ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகாமல் எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, டயர் கிழிவது பெரும்பாலும் ஃபோர் வீல் தேவைப்படுகிற இடத்தில்தான். தேவைப்படும்போது மட்டும் போடும் பார்ட் டைம் ஃபோர் வீல் அமைப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். டயர் அளவு மாறினால் பிடிப்புள்ள தரையில் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதிலிருந்து அச்சுக்குப் போகும் பிராப்பெல்லர் ஷாஃப்டும் முறுக்கேறிக்கொண்டே போகும். பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் கட்டாயம் வேண்டும், ஆனால் பக்கச்சுவர் கிழிந்த டயருக்கு அவை உதவாது. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் போகிறவர் என்றால் அதே அளவு ஸ்டெப்னி கையில் இருக்கட்டும்.

முதலில் எடை, அப்புறம் அளவு

எதையும் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் எடைக்கருவியை எடுத்து வையுங்கள். பழைய ஸ்டெப்னியை ரிம்மோடு ஒருமுறை, புதியதை ரிம்மோடு ஒருமுறை. கருவியின் மேல் நேராக நிற்கவில்லை என்றால் டயரைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். சின்ன வண்டியின் கம்பெனி டயர் இரும்பு ரிம்மோடு ஏறத்தாழ 16 முதல் 18 கிலோ வரும், 235/75 ஆர்15 ஆல் டெரெய்ன் வகை 23 கிலோவை ஒட்டி வரும், சேற்றுக்கான 31 இஞ்ச் மட் டெரெய்ன் என்றால் 30 கிலோவைத் தொடும். டயர் பிராண்டுக்கு பிராண்டு எடை மாறும், அதனால் என் எண்ணை நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த எடை கீலில் என்ன செய்கிறது என்று ஒரு கணக்கு. டயரின் நடுப்புள்ளி கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் 40 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ டயர் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே மேல் கீலைச் சுமார் 37 கிலோ விசையில் வெளியே இழுக்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது அது மூன்று மடங்கானால் 110 கிலோவுக்கு மேல். இந்த இழுப்பு ஒரே நாளில் எதையும் உடைக்காது, ஆயிரம் குழிக்கு ஆயிரம் தடவை இழுத்து, கீல் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகட்டைக் களைப்பாக்கி வெடிக்க வைக்கும். கதவுக்குள் இருக்கும் ஸ்பாட் வெல்டுகள் ஒவ்வொன்றாக விடுவது வெளியில் தெரியவும் தெரியாது.

என் கணக்கில், புதிய டயர் பழையதைவிட 5 அல்லது 6 கிலோவுக்குள் கூடுதல் என்றால் கதவை வலுப்படுத்தி அங்கேயே வைக்கலாம். 10 கிலோவை நெருங்கினால் கதவை மறந்துவிட்டுத் தனி கேரியர் பக்கம் போங்கள். ஓனர் கையேட்டில் உங்கள் வண்டிக்கு வரம்பு ஏதாவது கொடுத்திருந்தால் அதுதான் கடைசி வார்த்தை.

அடுத்தது டேப். பழைய டயரின் அடிப்பகுதிக்கும் பம்பருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். விட்டம் 40 மி.மீ. கூடினால் அடிப்பகுதி 20 மி.மீ. இறங்கும். அந்த இடம் இல்லை என்றால் டயரைக் கதவில் தாங்கும் மவுன்ட்டை மேலே ஏற்ற வேண்டும், ஏற்றினால் பின் கண்ணாடி மறையும். பிறகு டயரின் உள்பக்கத்துக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 195 அகலம் 235 ஆனால் பக்கத்துக்கு 20 மி.மீ. கூடும், அதே ரிம் என்றால் டயர் அவ்வளவு தூரம் கதவை நெருங்கும். ரிம்மையும் மாற்றி, சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் ஆஃப்செட் (ரிம்மின் நடுவுக்கும் அது போல்ட்டில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) எடுத்திருந்தால் நேர் எதிராக டயர் கதவைவிட்டு விலகிப் பின்னால் நிற்கும். முதல் நிலையில் ரிம் மவுன்ட்டின் பிளேட்டில் உட்காருவதற்கு முன்னாலேயே டயர் கதவை அழுத்தும், நடுவில் தள்ளி நிறுத்த ஸ்பேசர் வேண்டும். இரண்டாவது நிலையில் கதவில் இருக்கும் ரப்பர் முட்டுகளை டயர் தொடவே தொடாது.

கதவிலேயே வைப்பதாக இருந்தால்

அந்த ரப்பர் முட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். டயர் அவற்றை லேசாக அழுத்தியபடி இருந்தால்தான் அதிர்வு அடங்கும். தொடாமல் தொங்கினால் மூன்று போல்ட்டைச் சுற்றி முழு டயரும் ஆடும், மேலே சொன்ன கடகட சத்தம் பெரும்பாலும் அதுதான். உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய முட்டுகள் கிடைக்கும், இல்லாவிட்டால் கெட்டியான ரப்பர் துண்டைப் பின்னால் கொடுத்து போல்ட் போட்டு உயர்த்தலாம். நட்டை முறுக்கி முடிக்கும்போது ரப்பர் சில மி.மீ. அமுங்கியிருக்க வேண்டும், அதுதான் அளவு.

வலுப்படுத்துவது என்றால் மவுன்ட்டுக்கு அடியில் ஒரு பெரிய பிளேட் போடுவது மட்டும் போதாது. பிளேட் பாரத்தைக் கதவுத் தகட்டில் பரப்பும், ஆனால் அதே பாரம் அதே கீல் வழியாகத்தான் போகும். நல்ல ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கிட் இரண்டு கீலையும் நேரடியாக இணைத்து டயரை அந்தச் சட்டத்தில் மாட்டும், கதவுத் தகடு வெறும் கதவாக இருந்துவிடும். வாங்கும்போது இதை மட்டும் பாருங்கள்: டயரின் எடை கீல் போல்ட்டுகளுக்கு நேராகப் போகிறதா, கதவுத் தோலை, அதாவது வெளித்தகட்டை, சுற்றிக்கொண்டு போகிறதா. தோல் வழியாகப் போகிறது என்றால் அந்த கிட் வேண்டாம்.

நட் மாட்டும் மரைக்கம்பியான ஸ்டட்டின் நீளத்தையும் பாருங்கள். ஸ்பேசர் போட்டாலோ தடிமனான அலாய் ரிம் போட்டாலோ நட் பிடிக்க மரை போதாமல் போகும். 12 மி.மீ. ஸ்டட் என்றால் குறைந்தது 12 மி.மீ. மரையாவது நட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது 1.5 மி.மீ. பிட்ச்சில் (மரைக்கு மரை இடைவெளி) எட்டு முழுச்சுற்று. நட்டின் முகமும் ரிம் துளையும் ஒத்துப்போக வேண்டும், கூம்பு வடிவத் துளைக்குத் தட்டை நட் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் தளரும். ஒரு நட்டாவது பூட்டு நட்டாக இருப்பது நல்லது.

தனி ஸ்விங் கேரியர்

பம்பரிலிருந்து ஒரு கை வெளியே வந்து, அதில் டயர் உட்கார்ந்து, கதவைத் திறக்கும்முன் அந்தக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி ஒதுக்கும் அமைப்பு இது. பாரம் பம்பர் வழியாகச் சேஸிஸுக்குப் போகிறது, கதவுக்கு வேலையே இல்லை. 10 கிலோவை நெருங்கியோ தாண்டியோ எடை கூடிய எல்லா டயருக்கும் இதுதான் என் பதில்.

கையின் சுழல் அச்சில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வெறும் புஷ் போட்டது சீக்கிரம் தேய்ந்து கை தொங்க ஆரம்பிக்கும். டிரெய்லர் ஹப்பில் இருப்பதுபோல இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், மேலே தூசி மூடி, கிரீஸ் நிப்பிள், இவை இருந்தால் நீடித்து உழைக்கும். பேரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓடும்போது மொத்தப் பாரத்தையும் அது மட்டுமே தாங்கக் கூடாது. கையின் மறுமுனை மூடும்போது ஒரு சாய்வான தாங்கியில் ஏறி உட்கார வேண்டும். கேரியர் செய்து வாங்கும்போது கையை மெதுவாக மூடி, கடைசி ஒரு இஞ்சில் முனை லேசாக மேலேறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏறினால் எடை இரண்டு முனைக்கும் பிரிகிறது. ஏறாமல் நேராகப் போய்க் கொண்டியில் மாட்டிக்கொண்டால் கை முழுக்க ஒற்றைப் பக்கம்தான் தொங்குகிறது, திருப்பிக் கொடுங்கள்.

கொண்டிக்கு டாகிள் கிளாம்ப் நன்றாக இருக்கும், இழுத்துப் பிடிப்பதால் ஆட்டம் வராது. கூடவே தனியாக ஒரு பாதுகாப்பு பின் கட்டாயம். ரோட்டில் போகும்போது கை தானாகத் திறந்துகொண்டால் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு உயிராபத்து. அதேபோல திறந்த நிலையில் நிறுத்திவைக்கும் பின்னும் வேண்டும். சரிவில் நிற்கும்போது 30 கிலோ டயரோடு ஒரு இரும்புக் கை தானாகச் சுழன்று வந்தால் விரலும் முழங்காலும் தப்பாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கும் வண்டி என்றால் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

பம்பரைச் சேஸிஸில் பொருத்துவதுதான் அஸ்திவாரம். 8.8 அல்லது 10.9 தர போல்ட் போடுங்கள். சேஸிஸ் பெட்டி வடிவமாக இருந்தால் உள்ளே குழாய் ஸ்லீவ் வைத்து போல்ட்டை முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முறுக்க முறுக்கப் பெட்டி நசுங்கி, போல்ட் என்றைக்கும் இறுகாது. கம்பெனி ஓட்டைகள் இருக்கும்போது புதிதாக ஓட்டை போடுவதோ சேஸிஸில் வெல்டிங் அடிப்பதோ வேண்டாம்.

இப்போது இதன் விலையையும் நேராகச் சொல்கிறேன், காசை அல்ல, எடையை. கேரியரும் கனமான பம்பரும் சேர்ந்து 35 கிலோ, டயர் 30 கிலோ, மொத்தம் 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கதவு ஜிம்னியின் அச்சு இடைவெளி 2250 மி.மீ. இந்த 65 கிலோ பின் அச்சுக்கு 750 மி.மீ. பின்னால் தொங்கினால் பின் அச்சில் ஏறுவது 65 அல்ல, சுமார் 87 கிலோ. மீதி 22 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படுகிறது. குட்டையான வண்டியில் இது நன்றாகவே தெரியும். பின்பக்கம் அமிழும், ஹெட்லைட் மேலே பார்க்கும், செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிடும். பின் ஸ்பிரிங்கை ஒரு படி கனமானதாக மாற்றுவதும், ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைப்பதும் இந்த வேலையின் பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து வண்டியின் மொத்த எடை வரம்பைத் தாண்டவில்லையே என்றும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

மேலேயா, உள்ளேயா

கூரை கேரியரில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயரமும் குறுகலும் உள்ள வண்டியில் 30 கிலோவைத் தலைக்கு மேலே ஏற்றினால் பக்கச்சரிவில் கவிழும் வாய்ப்பு கூடும், பல சின்ன வண்டிகளில் கூரை தாங்கும் எடையே அந்த அளவுதான், அதிலும் கேரியரின் எடை அடக்கம். பஞ்சரான இடத்தில் அதை ஒற்றை ஆளாக இறக்குவதையும் சேற்றோடு திரும்ப ஏற்றுவதையும் நினைத்துப் பாருங்கள்.

உள்ளே வைப்பது, இரண்டு பேர் மட்டும் போகும் பயணத்துக்கு, நல்ல வழிதான். பின்சீட்டை மடக்கி, டயரைப் படுக்கவைத்து, சீட் போல்ட் இருக்கும் இடங்களில் வளையம் போட்டு ராட்செட் பெல்ட்டால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். கட்டாமல் வைத்த டயர் மோதலின்போது முன்னால் இருப்பவர்களின் முதுகில்தான் வந்து நிற்கும். பிளாஸ்டிக் கொக்கிகளில் கட்டுவது கட்டியதாகவே ஆகாது.

மறைந்துபோகும் விளக்குகள்

பெரிய டயர் மூன்றாவது பிரேக் விளக்கையோ, நம்பர் பிளேட்டையோ, ரிவர்ஸ் கேமராவையோ மறைத்தால் அவற்றை இடம் மாற்ற வேண்டும். வண்டியை நிறுத்தி, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, நீங்கள் பத்தடி பின்னால் போய் நேராகவும் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். சின்ன வண்டியில் அகலமான டயர் ஒரு பக்க இண்டிகேட்டரையே சாய்வில் மறைப்பதுண்டு. ஸ்விங் கேரியரில் விளக்கு வைத்தால் ஒயரைச் சுழல் அச்சின் பக்கமாகத் தளர்வாக விட்டுக் கொண்டுபோங்கள், திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது வளையும்.

மாட்டிய பிறகு

டயரின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளுங்கள். அந்த நேரம் இன்னொருவர் கீலுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள பிளவில் விரல் நுனியை வைத்துப் பார்க்கட்டும். டயரோடு வண்டி முழுக்க ஆட வேண்டும், டயர் தனியாக ஆடினால் நட்டோ முட்டோ சரியில்லை, கதவு தனியாக ஆடினால் கீல் சரியில்லை. அப்புறம் நட்டிலிருந்து பிளேட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும், ஸ்பேனர் எடுக்காமலே கண்டுபிடித்துவிடலாம். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப முறுக்குங்கள், அதன்பின் ஒவ்வொரு கரடுமுரடான பயணம் முடிந்ததும் பாருங்கள்.

கதவு தொங்குகிறதா என்று தெரிய, பூட்டு விழும் கொக்கியைப் பாருங்கள். அதன் அடிப்பக்கம் புதிதாக உரசிப் பளபளவென்று இரும்பு தெரிந்தால் கதவு இறங்க ஆரம்பித்துவிட்டது. கீலைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தால் அது அழுக்கு இல்லை, பெயின்ட் வெடித்து உள்ளே துரு ஓடுகிறது. அன்றைக்கே டயரைக் கழற்றி உள்ளே போட்டுவிடுங்கள்.

ஸ்டெப்னியில் காற்றை நீங்கள் ரோட்டில் வைக்கும் அளவிலேயே அதிகபட்சமாக வைத்திருங்கள், தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம். வருடக்கணக்கில் வெயிலில் தொங்கும் டயர் தேயாமலே கெட்டுப்போகும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நாலு இலக்கம்தான் தயாரித்த வாரமும் வருடமும், 2323 என்று இருந்தால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து டயரையும் சுழற்சியில் மாற்றி மாற்றி ஓட்டினால் ஐந்தும் ஒரே அளவில் தேயும், ஸ்டெப்னி போடும் நாளில் விட்டம் வித்தியாசப்படாது.

கடைசியாக, வீட்டு வாசலிலேயே ஒருமுறை டயரை முழுக்க மாற்றிப் பாருங்கள். கம்பெனி ஜாக்கி பெரிய டயரைத் தரையிலிருந்து எழுப்பும் அளவுக்கு உயராமல் போவது சகஜம், கட்டைத் துண்டு ஒன்று அடியில் வேண்டியிருக்கும். டயரைத் திரும்ப ஏற்றும்போது முதுகால் தூக்காதீர்கள். டயரை கேரியருக்கு நேராக நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, இரண்டு தொடையிலும் டயரை வாங்கிக்கொண்டு, காலை ஊன்றி எழுந்து மேல் ஸ்டட்டில் மட்டும் முதலில் மாட்டுங்கள். எடை அந்த ஒரு ஸ்டட்டில் நின்றுவிடும், மற்ற ஓட்டைகளை நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம். உங்களோடு வண்டி ஓட்டும் வீட்டுக்காரர்களும் இதைச் செய்து பார்க்கட்டும், அவர்களால் ஏற்ற முடியவில்லை என்றால் மவுன்ட்டைக் கொஞ்சம் தாழ்வாக வைக்க வழி இருக்கிறதா என்று பட்டறையில் அப்போதே கேட்டுவிடலாம்.